கொடிக்கு எந்தக் கதியால்?

எங்கள் வீட்டில் ஒரே மணிபிளாண்ட் இரண்டு இடத்தில் வளர்கிறது. யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தைப் பக்கத்துப் பூக்கன்றுக் கடையில் வாங்கிய கன்று விறாந்தையில், பூச்சாடிக்குள் நிற்கிறது. பச்சை பிளாஸ்டிக் பூசிய இரும்புக் கம்பி ஒன்றை ஊன்றி, நூலால் நான்கு இடத்தில் கட்டித்தான் கடையில் தந்தார்கள். அதில் ஒடித்த ஒரு துண்டை அம்மம்மா கிணற்றடித் தென்னையின் அடியில் சும்மா குத்திவிட்டார். இரண்டு மாரி கழிந்தது. விறாந்தைக் கன்றின் இலை உள்ளங்கையைத் தாண்டவில்லை. புதிதாக வருகிற இலை பழையதைவிடச் சிறிதாகவும் இருந்தது. தென்னையில் ஏறியதற்கோ சுளகளவு இலை, விளிம்பில் கத்தரித்துவிட்டது போன்ற வெட்டுகள் வேறு. பார்க்க வந்த ஒருவர், இரண்டும் வேறு வேறு சாதி என்று பந்தயம் கட்டவே தயாராக இருந்தார்.

வெளிச்சம் காணாதோ என்று சாடியைத் தூக்கி முற்றத்தின் அரை நிழலில் வைத்தேன். இலை நன்றாகப் பச்சை பிடித்தது, ஆனால் பெருக்கவில்லை. உரம் போட்டேன். கொடி இன்னும் வேகமாக நீண்டதே தவிர இலை அதே அளவுதான். ஒருநாள் அம்மம்மா வந்து கம்பியை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

“உது வழுக்கிற கம்பி மோனை. உதிலை அது என்னத்தைப் பிடிக்கிறது? முதல் கொடி எதாலை பிடிக்குது எண்டு பார். பிறகு தடியைத் தேடு.”

வீட்டுக்குள் பெரிய கொடி வளர்ப்போர் அறிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி இந்தப் பேச்சுக்குள் அடங்கிவிடுகிறது. மிச்சத்தைத் தாவரவியல் சொல்கிறது.

வேலியில் படித்த பாடம்

கொடிக்கு எதை ஊன்றுவது என்பது யாழ்ப்பாணத்தாருக்குப் புதுக் கேள்வி இல்லை. குடாநாட்டின் பழைய வேலி, உயிருள்ள தடிகளால் ஆனது. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை ஆகியவற்றின் கொப்புகளை ஆள் உயரத்துக்கு வெட்டி, மழைக்கு முன் நட்டால் அவை தளிர்த்து நின்றுவிடும். அதுதான் கதியால். கதியால்களுக்கு இடையில் கிடுகோ பனையோலையோ அலம்பலோ வைத்து வரிந்து கட்டுவார்கள். குழை ஆட்டுக்கும் தோட்டத்துப் பசளைக்கும் போகும். எல்லைக் கதியால் ஒரு சாண் நகர்ந்தால் கோட்டுப்படி ஏறுகிற ஊர் இது. ஆகவே எந்தத் தடி எப்படி நிற்கும் என்ற கணக்கும் அத்துப்படி.

அந்த வேலியில் ஏறிய கொடிகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். முசுட்டையும் குறிஞ்சாவும் கதியாலைச் சுற்றிச் சுற்றி ஏறும். கொவ்வையும் பாகலும் முடக்கொத்தானும் பற்றுக்கம்பி எனப்படும் மெல்லிய சுருள் கம்பியால் ஓலை ஈர்க்கைப் பிடித்துக்கொள்ளும். தூதுவளை தன் முள்ளைக் கொளுக்கியாக மாட்டி மேலே போகும். வெற்றிலையும் மிளகும் கணுவில் வேர் விட்டு மரப்பட்டையோடு ஒட்டிக்கொள்ளும். உலகத்துக் கொடிகளின் ஏறும் முறைகளைத் தாவரவியலாளர் பெரும்பாலும் இந்த நான்கு கூறாகத்தான் பிரிக்கிறார்கள். அந்த நான்கையும் ஒரு வீட்டு வளவுக்குள் காணக் கிடைத்தது.

இன்று வேலி இருந்த இடத்தில் மதில் எழுந்துவிட்டது. கொடிகளும் முற்றத்திலிருந்து விறாந்தைக்கும் மாடிக்கும் சாடிக்குள் குடிபெயர்ந்துவிட்டன. மணிபிளாண்ட், மொன்ஸ்டெரா, பிலோடென்ட்ரன், சிங்கோனியம், ஹோயா என்று பெயர்களும் மாறிவிட்டன. ஏறும் முறை மட்டும் மாறவில்லை. கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே பச்சைக் கம்பியைக் கொடுக்கிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

டார்வினின் படுக்கையறைக் கொடி

கொடிகளின் நடத்தையை முதன்முதலில் விரிவாக எழுதிவைத்தவர்களில் ஒருவர் சார்ள்ஸ் டார்வின். அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரே பற்றுக்கம்பிகளின் அசைவைப் பற்றி 1858 இல் எழுதிய சிறு குறிப்பு அவருக்கு ஆர்வத்தை ஊட்டியது. நோயால் அறைக்குள் அடைந்து கிடந்த நாட்களில், ஹொப் கொடி ஒன்றைச் சாடியோடு கொண்டுவந்து வைத்து இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடியின் நுனி வெறும் காற்றில் வட்டமடித்தது. சூடான நாளின் பகலில் ஒரு சுற்றுக்குச் சராசரி 2 மணி 8 நிமிடம் எடுத்தது. லினியன் சங்கத்தின் சஞ்சிகையில் 1865 இல் இதை வெளியிட்டார். 1875 இல் அது தனிப் புத்தகமாகவும் வந்தது.

கொடியின் நுனி தண்டின் ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் வளர்ந்து, அந்த வேறுபாட்டைச் சுற்றிவர மாற்றிக்கொண்டே போவதால் இந்த வட்டம் உண்டாகிறது. இருட்டில் கை நீட்டிச் சுவரைத் தேடுகிறவர் போல அது தடியைத் தேடுகிறது. தடியில் முட்டியதும் முட்டிய பாகம் நின்றுவிடும், அதற்கு மேலுள்ள நுனி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படியே சுருள் ஏறுகிறது.

வீட்டுக்கு வீடு இருந்த இராசவள்ளியில் இதைக் கண்ணால் காணலாம். தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் காய்ச்சும் ஊதாக் கிழங்கு நமக்கெல்லாம் தெரியும். கொடியைப் பார்த்திருக்கிறோமா? தண்டு நாற்பட்டையாக இருக்கும், ஒவ்வொரு விளிம்பிலும் மெல்லிய செட்டை ஓடும். அதன் விஞ்ஞானப் பெயரிலுள்ள ‘அலாட்டா’ என்ற சொல்லுக்குச் சிறகுடையது என்றுதான் பொருள். அது தடியில் ஏறுவதை முன்னால் நின்று பார்த்தால், இடது கீழிலிருந்து வலது மேலுக்குப் போகும். சாதாரணத் திருகாணியின் புரியும் இதே திசைதான். அதே குடும்பத்துச் சிறுவள்ளியைப் பாருங்கள், நேர் எதிராக ஏறும். உலகின் பல இடங்களில் எண்ணிப் பார்த்த ஒரு ஆய்வு, சுற்றி ஏறும் கொடிகளில் 92 சதவீதம் இராசவள்ளியின் பக்கமே என்று 2007 இல் கண்டது. வடக்கோ தெற்கோ, பூமியின் எந்தப் பாதியில் நின்றாலும் இந்தத் திசை மாறுவதில்லை. கொடிக்கு உதவுவதாக நினைத்து நாம் எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டால், அது இரண்டொரு நாளில் கழன்று தொங்குவது இதனால்தான்.

இராசவள்ளியின் இன்னொரு உறவு, கொடியிலேயே கிழங்கு காய்க்கும் காய்வள்ளி. அதை வைத்து 2009 இல் வெளியான ஆய்வு ஒரு நுட்பத்தைக் காட்டியது. காய்வள்ளியின் இலையடியில் உள்ள சிறு செதில்கள் தடிக்கும் தண்டுக்கும் நடுவில் ஆப்பு வைத்ததுபோல் புகுந்து, தண்டை வெளியே தள்ளுகின்றன. தள்ளத் தள்ளத் தண்டு இழுபடுகிறது, இழுபடும் தண்டு தடியை நெரிக்கிறது. சுமையைக் கயிற்றால் கட்டிவிட்டு, கயிற்றுக்குக் கீழ் ஒரு குச்சியைச் செருகி இறுக்குவோமே, அதே வேலைதான்.

தடியின் தடிப்பு ஏன் முக்கியம் என்பதும் இதில் விளங்கும். தண்டின் இழுவை ஒன்றாகவே இருந்தாலும், தடியின் ஆரை இரட்டித்தால் அதை நெரிக்கும் விசை பாதியாகும். தடிப்பு கூடக் கூடச் சுற்று வழுக்கத் தொடங்கும். பருத்த கம்பத்தைப் பெரும்பாலான சுற்றுக்கொடிகளால் ஏற முடிவதில்லை என்று டார்வினும் கவனித்தார். ஆகவே ஹோயா, சங்குப்பூ, முல்லை போன்றவற்றுக்குப் பெருவிரல் தடிப்புக்கு உட்பட்ட தடியோ இழுத்துக் கட்டிய கயிறோ போதும். நான்கு அங்குலக் குழாய் அவற்றுக்கு வேண்டாத செலவு.

சுருள் பாதியில் திரும்புவது ஏன்?

பாகல், புடோல், கொடித்தோடை, முந்திரிகை ஆகியவற்றுக்குப் பற்றுக்கம்பி இருக்கிறது. நீர்வேலி, உரும்பிராய்ப் பக்கம் முந்திரிகைத் தோட்டங்களில் தலைக்கு மேலே கம்பி வலையாகப் பந்தல் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தூண் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் சரி, கொடி பிடிப்பது அந்த மெல்லிய கம்பியைத்தான். தூண் பாரம் சுமக்கும், கம்பி பிடி கொடுக்கும்.

பாகல் பந்தலில் ஒரு பற்றுக்கம்பியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நுனி கயிற்றைப் பிடித்துவிட்டது, அடி தண்டோடு நிற்கிறது, நடுப்பாகம் சுருளி வில்லாகச் சுருண்டிருக்கிறது. அந்தச் சுருளை விரலால் தொடர்ந்து போனால், நடுவில் ஓரிடத்தில் அது நேராகி, அப்பால் எதிர்ப்பக்கமாகச் சுருளும். இரண்டு நுனியும் கட்டுண்ட கயிற்றில் ஒரு பக்கம் முறுக்கு ஏறினால் மறுபக்கம் எதிர் முறுக்கு ஏறத்தான் வேண்டும், கணக்கு அப்போதுதான் சரியாகும். டார்வினுக்கு இது தெரிந்திருந்தது. சுருளச் செய்வது எது என்பதை 2012 இல் வெள்ளரிக்காயின் பற்றுக்கம்பியில் காட்டினார்கள். உள்ளே இருக்கும் ஒரு நார்ப் பட்டை, ஒரு பக்கம் மட்டும் கூடச் சுருங்குகிறது. காற்றடிக்கும்போது இந்த வில் நீண்டு கொடுத்து மறுபடி சுருங்கும். வைகாசி முதல் புரட்டாசி வரை சோழகம் வீசுகிற ஊரில் பாகல் கொடி அறாமல் நிற்பதற்கு இந்த வில்லும் ஒரு காரணம்.

கொடித்தோடையின் இனத்தைச் சேர்ந்த ஒரு கொடியில் டார்வின் பற்றுக்கம்பியை மெல்லத் தொட்டார். 25 வினாடிக்குள் அது வளையத் தொடங்கியது. அவ்வளவு உணர்ச்சியுள்ள விரலும் தன்னால் சுற்ற முடியாத பருமனைப் பிடிக்காது. பென்சில் தடிப்புக்கு மேல் எதையும் இவற்றுக்குக் கொடுக்க வேண்டாம். கம்பி வலை, தும்புக்கயிறு, விளார்க் குச்சி எதுவும் சரி.

கடதாசிப்பூ போன்றவை முள்ளை மாட்டிச் சாய்ந்து ஏறுகிற வகை. அவற்றுக்குத் தாமாகப் பிடிக்கும் கை கிடையாது. எந்தத் தடியை வைத்தாலும் நாம்தான் கட்டிவிட வேண்டும்.

பிடித்தால் பெருக்கும் இலை

இனி நம் மணிபிளாண்டுக்கு வருவோம். வீட்டுக்குள் வளர்க்கும் பெருங்கொடிகளில் அதிகமானவை இதன் குடும்பம்தான். மொன்ஸ்டெரா, பிலோடென்ட்ரன், சிங்கோனியம் எல்லாம் சேம்புக்கு உறவு. இவை கணுவில் வேர் விட்டுப் பிடித்து ஏறுபவை.

மணிபிளாண்டின் தாயகம் பசிபிக் சமுத்திரத்து மொரேயா என்ற சிறு தீவு. 1880 இல்தான் அதற்கு முதல் விஞ்ஞானப் பெயர் கிடைத்தது. இது பூப்பதே அரிது. தானாகப் பூத்ததாக அறியப்பட்ட கடைசிப் பதிவு 1964 ஆம் ஆண்டுக்குரியது. ஜிபரலின் என்ற ஓமோனை உண்டாக்கும் ஒரு பரம்பரை அலகு வேலை செய்யாததே காரணம் என்று 2016 இல் கண்டுபிடித்தார்கள். பூ இல்லை என்றால் விதையும் இல்லை. உலகெங்கும் போத்தலிலும் சாடியிலும் நிற்பவை எல்லாம் துண்டு வைத்துப் பெருக்கியவை. என் விறாந்தைக் கன்றும் கிணற்றடிக் கொடியும் ஒரே உடலின் இரண்டு துண்டுகள், வித்தியாசத்துக்குச் சாதியைக் குறை சொல்ல வழியில்லை.

இந்தக் கொடிக்கு இரண்டு பருவம் உண்டு. தரையில் படரும்போதும் தொங்கும்போதும் அது பிள்ளைப் பருவத்திலேயே இருக்கும். தண்டு மெலிந்து, கணுவுக்குக் கணு தூரம் கூடி, இலை சிறுத்துப் போகும். அதன் நோக்கம் ஒன்றுதான், ஏற ஒரு மரத்தைத் தேடுவது. தேடும் காலத்தில் பெரிய இலை விரிப்பது வீண் செலவு. மரத்தைப் பிடித்து நிமிர்ந்து ஏறத் தொடங்கியதும் செலவுக் கணக்கு மாறும். தண்டு தடிக்கும், கணு நெருங்கும், ஒவ்வொரு இலையும் முந்தியதைவிடப் பெருக்கும். முதிர்ந்த இலை 1 மீற்றர் நீளமும் 45 சென்ரிமீற்றர் அகலமும் வரும். மொன்ஸ்டெராவின் இலையில் ஓட்டை விழுவதும் இதே கணக்கில்தான். ‘கடையில் ஓட்டை இலை என்று சொல்லித்தான் வாங்கினேன், வீட்டுக்கு வந்தபின் ஒன்றும் விழவில்லை’ என்று முறையிடுவோர் உரத்தை விட்டுவிட்டு முதலில் தடியைப் பார்க்க வேண்டும்.

மரத்தை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? கொஸ்டாரிக்காக் காட்டில் மொன்ஸ்டெரா இனம் ஒன்றின் முளைகளை ஆராய்ந்த ஸ்ட்ரோங், ரே என்ற இருவர் 1975 இல் ஒரு விசித்திரத்தை எழுதினர். பயிர் வெளிச்சத்தைத் தேடும் என்றுதானே படித்தோம்? இந்த முளைகள் இருட்டைத் தேடித் தரையில் ஊர்ந்தன. காட்டுத் தரையில் அதிகம் இருண்டு தெரிவது பருத்த மரத்தின் அடி. அதை அடைந்து ஏறத் தொடங்கிய பிறகுதான் அவை வெளிச்சத்தின் பக்கம் மனம் மாறின.

மிளகிலும் இந்த இரட்டைக் குணம் உண்டு. மேலே ஏறும் தண்டின் கணுவில் வேர் இருக்கும். பக்கத்தில் பிரிந்து காய்க்கும் கிளைக்குப் பற்றுவேர் இல்லை. காய்க்கும் கிளையை வெட்டி நட்டால் அது ஏறாமல் புதராகவே நிற்கும். மாத்தளை, கண்டிப் பக்கத்து மிளகுக்குச் சீமைக்கிளுவையும், தமிழ்நாட்டு வெற்றிலைக்கு அகத்தியும் உயிர்த் தூணாக நிற்கின்றன. வெற்றிலைத் தோட்டத்துக்கே அங்கே கொடிக்கால் என்றுதான் பெயர். கொடியின் பெயரோடு அதன் காலையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள்.

எதை ஊன்றுவது?

வேர் பிடித்து ஏறுபவற்றுக்கு வேண்டியவை மூன்று: சொரசொரப்பு, ஈரம், நிழற்பக்கம். பச்சைக் கம்பியில் இவற்றில் ஒன்றும் இல்லை. அது வெயிலில் சூடேறி, கணுவில் எட்டிப் பார்க்கிற வேர் நுனியைக் காயவைத்துவிடும்.

மேலைநாடுகளில் பாசி சுற்றிய கம்பம் விற்கிறார்கள். நமக்கு அது எட்டாத பொருள், தேவையும் இல்லை. தென்னந்தும்பு நம்மிடம் இருக்கிறது. இலங்கையிலிருந்து தும்புக் கம்பங்களும் தும்புத்தூளும் கப்பலேறி அந்த நாடுகளின் வீடுகளுக்குப் போகின்றன. தும்பில் லிக்னின் அதிகம், அதனால் நனைந்து நனைந்து காய்ந்தாலும் எளிதில் உக்காது. குறை ஒன்றுதான். உவர்நீரில் ஊறவைத்து அடித்த தும்பில் உப்பு இருக்கும். ஏற்கெனவே பல கிணறுகள் உவர் பிடித்த ஊரில் அந்த உப்பும் சேரக் கூடாது. இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிப் பிழிந்த பிறகு பாவியுங்கள்.

நடுத்தண்டுக்கு எது? மூங்கில் இங்கே அரிது. மண்ணுக்குள் போகும் முனை ஈரத்தில் ஓரிரு வருடத்தில் உக்கிவிடும். கிளுவைக் கதியால் வளவுக்குத்தான் சரி. சாடிக்குள் ஊன்றினால் அதுவும் வேர் விட்டு, கொடியின் சோற்றைத் தான் சாப்பிட்டுவிடும். பி.வி.சி. குழாய் உக்காது, ஆனால் வழுக்கும். அதன்மேல் தும்புக்கயிற்றை இடைவெளி விடாமல் நெருக்கிச் சுற்றினால் குறை தீரும்.

என் தேர்வு பனஞ்சிலாகை. பனையில் வைரம் நடுவில் இல்லை, வெளிவட்டத்தில் இருக்கிறது. நார்க்கற்றைகள் ஓரத்தில் நெருங்கியும் நடுவில் ஐதாகவும் அமைந்த மரம் அது. கறுத்த வெளிப்பாகத்தில் பிளந்த சிலாகை இரும்புக்கு நிகர். அந்த உறுதியை இங்கே ஒரு தலைமுறை பதுங்குகுழிக் கூரையாக அறியும். இதற்காகப் புதிய பனையைத் தறிக்க வேண்டாம், அதற்கு அனுமதியும் வேண்டும். கழற்றிய பழைய கூரையில் ஒரு துண்டு போதும். அதற்குத் தும்பைச் சுற்றி, பழைய மீன்வலையால் இழுத்துக் கட்டினால் கம்பம் தயார். குருநகரிலும் பருத்தித்துறையிலும் கழித்துப் போட்ட வலைத்துண்டுக்குப் பஞ்சமில்லை. வலைக்கும் சிலாகைக்கும் நடுவில் இன்னும் கொஞ்சம் தும்புத்தூளை அடைத்தால் ஈரம் கூடுதலாக நிற்கும்.

சரியாமல் நிற்க

கம்பம் உயர உயர இன்னொரு சிக்கல் வருகிறது. அடி 24 சென்ரிமீற்றர் அகலமும் மொத்தம் 10 கிலோ கனமும் உள்ள சாடியை எடுத்துக்கொள்வோம். அதைக் கவிழ்க்க, அரை மீற்றர் உயரத்தில் 2.4 கிலோ பாரத்தளவு தள்ள வேண்டும். ஒன்றரை மீற்றர் உயரத்தில் 800 கிராம் அளவு தள்ளினால் போதும். சுளகளவு இலைகள் நாலைந்து விரிந்தால் அவையே பாய் கட்டிய வள்ளம் போல ஆகிவிடும். சோழகம் ஒருமுறை தள்ளினால் சாடி தரையில் கிடக்கும்.

இதற்கு வழி இரண்டு: அடியை அகலமாக்கு, அடியைக் கனமாக்கு. உயரமான ஒடுங்கிய சாடியைவிட அகன்ற மண்சாடி நல்லது. சிலாகையின் அடியில் குறுக்காக இரண்டு கட்டை அடித்து, அது சாடியின் அடித்தட்டில் இருக்கும்படி வைத்து, பிறகு மண் போடுங்கள். மேல்மண்ணில் குத்திய தடி கொடியைத் தாங்காது, கொடிதான் அதைத் தாங்கிக்கொண்டு நிற்கும். கனத்துக்காக வளவில் கிடக்கும் முருகைக்கல்லை அடியில் போடும் பழக்கம் இங்கே உண்டு. ஆனால் அது சுண்ணாம்புக்கல், சேம்புக் குடும்பத்துக்கோ சற்றுப் புளிப்பான மண்தான் பிடிக்கும். சுண்ணாம்பு கரையக் கரைய இரும்புச்சத்தைக் கொடியால் எடுக்க முடியாது, தளிர் இலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று மஞ்சளிக்கும். கருங்கல்லோ உடைந்த ஓடோ போடுங்கள்.

கம்பத்தைக் கன்று நடும்போதே ஊன்றிவிட வேண்டும். வேர் பரவிய பிறகு குத்தினால் அறுவது வேர்தான். கன்றையும் திருப்பிப் பார்த்து வையுங்கள். இந்தக் கொடிகளுக்கு முன்புறம் பின்புறம் உண்டு. இலைக்காம்புகள் ஒரு பக்கம் பார்க்கும், வேர்முளைகள் மறுபக்கம் பார்க்கும். வேர்ப்பக்கம் கம்பத்தோடும் இலைப்பக்கம் யன்னலோடும் இருக்கட்டும். வேர் இருட்டுக்கும் இலை வெளிச்சத்துக்கும் தானே திரும்பிக்கொள்ளும்.

கட்டும்போது காம்பைக் கட்டக் கூடாது. இலை வெளிச்சத்துக்கேற்பத் திரும்பக் காம்பு அசைய வேண்டும். கணுவுக்குக் கிட்டத் தண்டைப் பிடித்து, எட்டுப் போல ஒரு மாறு போட்டு, வாழைநாரால் தளரக் கட்டுங்கள். வாழைநாரில் ஒரு வசதி உண்டு: வேர் பிடித்து முடிகிற காலத்தில் அது தானாக உக்கி விழுந்துவிடும். நைலோன் நூலை மறந்துவிட்டால், தண்டு பருக்கும்போது அது கழுத்தை நெரித்துவிடும்.

தண்ணீரும் நுளம்பும்

காய்ந்த தும்பில் வேர் இறங்காது. கம்பத்தின் மேல்நுனியிலிருந்து மெல்ல நனைப்பதே முறை. சோழகக் காலத்து வறண்ட காற்றில் காலையில் நனைத்தது மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். சோடாப் போத்தலின் மூடியில் ஊசித்துளை போட்டு, கம்பத்தின் தலையில் கவிழ்த்துக் கட்டினால் சொட்டுச் சொட்டாக இறங்கும். வாடைக்காற்றோடு மழை பிடித்ததும் அதைக் கழற்றிவிடலாம்.

நம் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி வருவது. கேத்தலின் அடியில் படிகிற வெள்ளைதான் தும்பிலும் இலையிலும் படியும். ஐப்பசி, கார்த்திகை மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்துப் பாவித்தால் இலையும் பளிச்சென்று இருக்கும், தும்பும் கட்டிபடாது. பிடித்த தண்ணீரை மூடிவையுங்கள். சாடித் தட்டில் தேங்குவதையும் அன்றன்றே ஊற்றிவிடுங்கள். டெங்கு பரவும் மாதங்களும் அவைதான், ஒரு தட்டுத் தண்ணீர் நுளம்புக்குத் தாராளம்.

ஏறவிடக் கூடாத இடம்

தாங்குவதற்கும் ஒரு எல்லை உண்டு. குடாநாட்டில் பனையைச் சுற்றி ஆல் வளர்ந்து நிற்பதைப் பல இடத்தில் பார்க்கலாம். பறவை எச்சத்தில் விழுந்த ஆலம்விதை பனையின் மட்டை இடுக்கில் முளைத்து, கீழே வேர் இறக்கி, காலப்போக்கில் பனையையே இறுக்கி நிற்கும். தாங்கியதற்குக் கிடைத்த கூலி அது.

மணிபிளாண்ட் அப்படிக் கொடியது இல்லை என்றாலும் சாது என்றும் சொல்ல முடியாது. கண்டி உடவத்தகலைக் காட்டில் அது தப்பிப் போய், மரங்களையும் தரையையும் மூடுகிற ஆக்கிரமிப்புக் கொடியாகிவிட்டது. குடாநாட்டின் நீண்ட வறட்சி அதைப் பெரும்பாலும் கிணற்றடிக்குள் கட்டிவைத்திருக்கிறது. ஆனாலும் வெட்டிய துண்டுகளை வாய்க்காலிலோ பற்றையிலோ எறியாதீர்கள், ஒரு கணு போதும் அது மறுபடி தொடங்க. தண்டுச் சாற்றில் ஊசி போன்ற ஒட்சலேற்றுப் பளிங்குகள் இருப்பதால், வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளுக்கும் ஆட்டுக்கும் எட்டாமல் வையுங்கள்.

போன ஆவணியில் விறாந்தைக் கன்றைப் பச்சைக் கம்பியிலிருந்து கழற்றி, தும்பு சுற்றிய பனஞ்சிலாகைக்கு மாற்றினேன். முதல் இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. கார்த்திகையில் மூன்று கணுவிலிருந்து வேர் தும்புக்குள் இறங்கியது. அதற்குப் பிறகு வந்த நான்கு இலையும் முந்தியதைவிடப் பெரிது. கடைசி இலைக்குப் பக்கத்தில் என் உள்ளங்கையை விரித்து வைத்தேன், இலைதான் பெரிதாக இருந்தது. சுளகுக்கு இன்னும் வெகுதூரம்.

அடுத்தமுறை கடையில் கொடி வாங்கும்போது இலையின் அழகில் மயங்குமுன் கணுவைத் திருப்பிப் பாருங்கள். சுருள் கம்பி இருந்தால் கயிறு. வேர்முளை இருந்தால் ஈரமான தும்பு. இரண்டும் இல்லாமல் நுனி வளைந்து தேடினால் மெல்லிய தடி. முள் மட்டும் இருந்தால் வாழைநாரும் உங்கள் கையும். தடியைத் தெரிந்து எடுத்த பிறகு கன்றை வாங்குங்கள்.